மனைவியின் அஸ்திக்கு ஒரு சின்னக் கலசம்: எதை இப்போது செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கடிதம் எழுதியிருப்பவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு கணவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மனைவி நோயில் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. தகனம் முடிந்து கையில் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே அஸ்தி இன்னும் இருக்கிறது. பகலில் அலமாரியில், இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில். அவர் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. "அவளை இப்படி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோமே என்று தினமும் உறுத்துகிறது" என்கிறார். தேடித் தேடி, கையால் கலசம் வனையும் ஒரு மண்பாண்டக் கலைஞரைக் கண்டுபிடித்திருக்கிறார். செம்பு நிறத்தில் மின்னும் ராக்கு வகைக் கலசம் (சிவக்கச் சுட்டு, சூட்டோடு எடுத்துப் புகையூட்டும் மட்பாண்டம்), உள்ளங்கையில் அடங்கும் அளவு. முன்பணமும் கட்டிவிட்டார். கொஞ்சம் சாம்பலை அனுப்பினால் அதைக் கலசத்தின் மேல் கண்ணாடி போல உருகிப் படியும் கிளேஸ் பூச்சிலேயே கலந்து சுட்டுத் தருவதாகவும் அந்தக் கலைஞர் சொல்லியிருக்கிறார். "அப்படிச் செய்தால் அவளுடைய டி.என்.ஏ. அந்தக் கலசத்தில் நிரந்தரமாக இருக்கும் அல்லவா?" என்பது இவருடைய முதல் கேள்வி.

வீட்டுக்குள் இரண்டு சிக்கல். வேறு ஊரில் இருக்கும் மாமியார், ஒரு செடி நட்டு அதன் அடியில் போட வேண்டும் என்று பாதி அஸ்தியைக் கேட்கிறார். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காதவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது இவர் கோபம். பதினான்கு வயது மகளோ பெட்டி இருக்கும் அறைக்குள் வருவதே இல்லை. வந்த ஒரே நாளில் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறாள். "கணவன் என்ற முறையில் முடிவு என்னுடையதுதானே? கலசம் வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன், சரிதானா?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவியின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். பெட்டியைத் திறக்காமலேயே பதினோரு மாதம் ஓடிவிட்டதே என்ற குற்ற உணர்ச்சி உங்கள் வரிகளில் தெரிகிறது. அதற்குத் தேவையே இல்லை. அஸ்தி கெட்டுப்போகிற பொருள் அல்ல. ஈரம் படாமல் மூடி வைத்தால் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். தகனத்துக்குப் பின் மிஞ்சுவது எலும்பின் தாதுப் பகுதி, பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதில் கிருமி இல்லை, நாற்றம் இல்லை, வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆகாது என்பதும் இல்லை. ஆகவே கெடு வைத்து உங்களை விரட்டுவது எதுவும் கிடையாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் கடிதத்தில் நான்கைந்து முடிவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. என்ன கலசம், பூச்சில் கலப்பதா, மாமியாருக்குக் கொடுப்பதா, மகளை என்ன செய்வது, மிச்சத்தை எங்கே வைப்பது. ஒரே பார்சலில் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். என் யோசனை வேறு. இவற்றில் பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை எவை, முடியாதவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளக்கூடியதை இப்போதே செய்யலாம். மற்றவை காத்திருக்கட்டும். ஒரு கலசம் வாங்கி அதில் கொஞ்சம் போட்டு வைப்பது முதல் வகை. மூடியைப் பசை போட்டு ஒட்டுவதும், பூச்சில் கலந்து சுடுவதும், தண்ணீரில் கரைப்பதும் இரண்டாம் வகை.

உள்ளங்கைக் கலசத்தில் எவ்வளவு பிடிக்கும்?

பெட்டியைத் திறக்காததால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வயது வந்த ஒருவரின் அஸ்தி பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். கொள்ளளவில் ஏறக்குறைய 3 லிட்டர். உள்ளங்கையில் அடங்கும் நினைவுக் கலசங்களில் 50 முதல் 100 மில்லி லிட்டர்தான் பிடிக்கும், அதாவது சில மேசைக்கரண்டிகள். மொத்தத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு. ஆக, உங்கள் கலசம் வந்த பிறகும் அந்த பிளாஸ்டிக் பெட்டி கிட்டத்தட்ட அதே கனத்தோடு அலமாரியில் இருக்கும். உங்களை உறுத்துவது டப்பாதான் என்றால், சின்னக் கலசம் அந்த உறுத்தலைத் தீர்க்காது. முழு அஸ்தியும் கொள்ளும் ஒரு பெரிய கலசம் வேண்டும், அல்லது மிச்சத்துக்கு வேறு இடம் வேண்டும். அந்தப் பேச்சை முதலில் வீட்டில் பேசுங்கள்.

கலைஞரிடம் அளவு சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும், மண்ணைப் பொறுத்து நீள அகலத்தில் 8 முதல் 13 சதவீதம் வரை. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 12 சதவீதம் சுருங்கினால் உள்ளே பிடிக்கும் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அனுபவம் உள்ளவர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் வனைவார்கள். இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியது சுட்ட பிறகு உள்ளே எத்தனை மில்லி லிட்டர் பிடிக்கும் என்பது. வெளி உயரத்தையும் அகலத்தையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, சுவர் தடிமன் ஆளுக்கு ஆள் வேறு. வாய் குறைந்தது இரண்டரை செ.மீ. அகலம் இருக்கட்டும். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் போல மென்மையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளிறிய சாம்பல் நிறத்தில், பரும்பொடி மணல் போல இருக்கும். இடையிடையே பெரிய துணுக்குகளும் வரும். ஒடுங்கிய கழுத்துள்ள கலசத்தில் புனல் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதைக் குத்திக் குத்தி இறக்குவது யாருக்கும் வேண்டாத வேலை.

ராக்கு பற்றி, அது அழகு என்பதையும் சேர்த்து

உங்கள் ரசனையில் குறையே இல்லை. ராக்கு என்பது கலசம் தகதகவென்று சிவந்திருக்கும்போதே, கிட்டத்தட்ட 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில், இடுக்கியால் சூளையிலிருந்து வெளியே எடுத்து மரத்தூளில் புதைக்கும் முறை. புகையும் காற்றில்லாத நெருப்பும் சேர்ந்து செம்புப் பூச்சில் அந்த மின்னலைக் கொண்டுவருகின்றன. ஒன்று போல இன்னொன்று வராது. அதனால்தான் பலருக்கு அதன் மேல் ஒரு பிடிப்பு.

ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்தச் செம்பு மினுமினுப்பு நிலையானதல்ல. காற்றிலும் வெளிச்சத்திலும் ஈரத்திலும் வருடங்கள் போகப் போக மங்கிப் பச்சையோ பழுப்போ ஆகலாம். ஜன்னலோர வெயிலில் வைத்தால் சீக்கிரமே. மனைவிக்குப் பிடித்த நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐந்தாறு வருடம் கழித்து அது மங்குவதைப் பார்க்கும்போது இரண்டாவது முறை இழந்ததுபோல இருக்குமா, அல்லது காலம் போகிறது என்று ஏற்றுக்கொள்வீர்களா? இரண்டும் சரியான பதில்தான். உங்களுடையது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். மற்றொன்று, ராக்கு குறைந்த சூட்டில் சுட்டது, மண் முழுதாக இறுகியிருக்காது. நுண்துளைகள் வழியே ஈரம் உள்ளே போகும். சாதாரண மண்பாண்டமும் அப்படித்தான். 1200 முதல் 1300 டிகிரி வரை சுடும் ஸ்டோன்வேர் கல் போல இறுகிவிடும். போர்சலின் இன்னும் இறுக்கம்.

அப்படியானால் ராக்கு வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அஸ்தியை நேரடியாகக் கலசத்தில் கொட்டாமல், நன்றாக மூடும் ஒரு சின்னப் பையில் போட்டுப் பையோடு உள்ளே வையுங்கள். ஈரப் பிரச்சினை அதோடு முடிந்தது. கலசம் கை தவறி விழுந்து உடைந்தாலும் அஸ்தி தரையில் சிதறாது. பின்னால் வேறு கலசத்துக்கு மாற்ற நினைத்தாலும் பையை எடுத்து வைத்தால் போதும். மட்பாண்டம் உடையுமே என்று உங்கள் நண்பர் பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். உடையும்தான். பை இருந்தால் உடைந்தது ஒரு கலசம், அவ்வளவே.

கலைஞரிடம் கேட்டுவிடுங்கள்

மூடி எப்படி உட்காருகிறது என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். கையால் செய்த மூடிகள் பெரும்பாலும் ஒரு சின்ன விளிம்பில் சும்மா உட்காரும், சாய்த்தால் விழும். ரப்பர் வளையம் வைத்தோ தக்கை வைத்தோ தரச் சொல்லலாம். வந்த உடன் பொடி மணலை நிரப்பி, மூடி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். ஒரு துளி மணல் உதிர்ந்தாலும் தாளில் தெரியும். எபாக்ஸி பசையால் ஒட்டி அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அடி விளிம்பில் பூச்சைத் துடைத்துவிடுவார்கள், அது சொரசொரவென்று மேசையைக் கீறும். அதற்கு ஒரு துண்டுத் துணி ஒட்டினால் தீர்ந்தது. பூச்சில் மெல்லிய வலைபோல் விரிசல் தெரிந்தால் கலவரப்பட வேண்டாம், ராக்குவில் அதை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். விரல் நகத்தால் தடவும்போது தட்டுகிற விரிசல், மண்ணுக்குள் போகிற விரிசல், அதற்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். லேசான கோணல், விரல் தடம், ஒரு பக்கம் நிறம் ஏறியிருப்பது எல்லாம் கைவேலையோடு வருபவை. "அவளுக்காக என்பதால் எந்தக் குறையும் இருக்கக் கூடாது" என்று கலைஞருக்கு எழுதியதாகச் சொல்கிறீர்கள். அப்படி ஒரு நிபந்தனையோடு கையால் செய்த எதையும் வாங்க முடியாது. முடிந்தால் செய்து வைத்திருக்கும் நான்கைந்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கனம் பிடிக்கிறதா, பிடி ஒத்துவருகிறதா என்பது படத்தில் தெரியாது.

பூச்சில் கலப்பது

டி.என்.ஏ. பற்றிய உங்கள் எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும், மன்னியுங்கள். தகன மேடையின் சூடு பொதுவாக 760 முதல் 980 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் டி.என்.ஏ. அழிந்துவிடும். பூச்சில் கலந்தாலும் கலக்காவிட்டாலும், இப்போது பெட்டியில் இருப்பது தாது உப்புகள்தான். அதனால் அது "அவள் இல்லை" என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய உடம்பாக இருந்தது என்பது மாறாத உண்மை. ஆனால் டி.என்.ஏ. நிரந்தரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

எலும்புச் சாம்பலும் மட்பாண்டமும் பழைய பழக்கக்காரர்கள்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஸ்போட் என்ற மட்பாண்டத் தொழில் குடும்பத்தார் பக்குவப்படுத்திய போன் சைனா என்ற பீங்கான் வகையில் கிட்டத்தட்டப் பாதி, மாட்டெலும்புச் சாம்பல். ஆகவே உங்கள் கலைஞர் சொல்வது ஏமாற்று வேலை அல்ல, செய்யக்கூடியதே. கேள்வி வேறு. அஸ்தியை நன்றாக அரைத்துச் சலிக்க வேண்டும், அதை அவர் செய்வதில் உங்களுக்குச் சம்மதமா? ராக்கு சூட்டில் அது முழுதாக உருகாமல் புள்ளிகளாகவோ சொரசொரப்பாகவோ நிற்கலாம், செம்பு நிறமும் எதிர்பார்த்தபடி வராமல் போகலாம். சோதனைத் துண்டு ஒன்றில் பூசிச் சுட்டுக் காட்டுவாரா? பூசியது போக மிஞ்சிய கிளேஸை என்ன செய்வார், திருப்பித் தருவாரா, கழுவி ஊற்றிவிடுவாரா? சூளையில் கலசம் வெடித்துவிட்டால்? ராக்குவில் அது அபூர்வம் இல்லை. சூடான கலசத்தைச் சட்டென்று குளிர வைப்பதால் கீறிப்போகும். உடைந்த துண்டுகளை உங்களிடம் தருவாரா?

இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் பொறுப்பான ஆள். மழுப்பினால் ஒரு கரண்டி கூடக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், இந்தப் பகுதியை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்பேன். பூச்சில் போனது திரும்ப வராது. இன்றைக்கு வேண்டாம் என்று வைத்தால் அடுத்த வருடமும் செய்துகொள்ளலாம்.

தபாலிலோ கூரியரிலோ அனுப்புவது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அஸ்தியைப் பல கூரியர்கள் எடுப்பதில்லை, தபாலுக்கு நாட்டுக்கு நாடு விதி உண்டு. என்றைக்காவது கொடுப்பதானால் நேரில் போய்க் கொடுங்கள்.

முடிவு உங்களுடையதுதானா?

சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் ஆம். பல நாடுகளில் தகனத்துக்கு விண்ணப்பித்துக் கையெழுத்துப் போட்டவரிடம், அல்லது அவர் சொல்பவரிடம்தான் அஸ்தியைக் கொடுப்பார்கள். கணவனோ மனைவியோ இருந்தால் வழக்கமாக அவர்தான் அந்த ஆள். மாமியார் "பாதி எனக்குச் சட்டப்படி உரிமை" என்று வாதிடுவது கடினம், அஸ்தி என்பது வீடு நிலம் போலப் பங்கு போடும் சொத்து அல்ல. அதே நேரம், உங்கள் உரிமைக்கும் எல்லை இருக்கிறது. பிரான்சில் 2008 டிசம்பரில் வந்த சட்டப்படி அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் அது கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற பல இடங்களில் இப்படித் தடை எதுவும் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைத் தகனம் நடந்த இடத்திலேயே கேட்டால் சொல்லிவிடுவார்கள். உங்கள் மனைவி உயில் எழுதியிருந்தால் அல்லது வாய்மொழியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கு முதல் மதிப்பு கொடுங்கள். கடிதத்தில் அவர் விருப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதையும் கவனித்தேன்.

பிரிப்பது சரியா என்பது நம்பிக்கையைச் சேர்ந்தது. உங்கள் நம்பிக்கை இடம் கொடுத்தால் பிரிக்கலாம், என் தொழிலில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி மாமியார். கையில் சாவி இருப்பவர் நீங்கள் என்பதாலேயே இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவர் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? மகள் மெலிந்து போவதைப் பார்க்க முடியாமல் விலகி நிற்கும் தாய்மார்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறேன். விலகியதற்காக அவர்கள் பிறகு படும் பாடு வெளியே தெரியாது. அவர் விஷயத்தில் அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள். காரணம் எதுவாக இருந்தாலும், கோபத்தை அவரிடம் வாயால் சொல்லுங்கள், அஸ்தியைப் பிடித்து வைத்துச் சொல்லாதீர்கள். மூன்று லிட்டரில் உங்கள் கலசத்துக்கு வேண்டியது ஒரு கைப்பிடி. அவருக்குக் கொடுப்பதால் உங்களுக்குக் குறைவது எதுவும் இல்லை.

கொடுக்கும்போது அவரிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். அஸ்தி காரத்தன்மை மிகுந்தது, உப்பும் அதிகம். செடியின் வேரில் அப்படியே கொட்டினால் செடி கருகிவிடலாம். மகளுக்காக நட்ட செடி கண்ணெதிரே பட்டுப்போவதை அவர் தாங்க மாட்டார். கொஞ்சமாக எடுத்து, நிறைய மண்ணோடு கலந்து, வேருக்கு விலகிப் போட வேண்டும். விமானத்தில் கொண்டுபோவதானால் அஸ்தியைக் கனமான பீங்கானில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே ஊடுருவித் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள். மரப் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ நல்லது. தகனச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள், பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

உங்கள் மகள்

துண்டு போட்டு மூடியதை "அம்மாவை மறக்கப் பார்க்கிறாள்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினான்கு வயதில் அந்தப் பெட்டி அவளுக்கு அம்மா அல்ல, அம்மா இறந்ததற்கான சாட்சி. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. கூடவே, அப்பா ஒவ்வொரு இரவும் அதைத் தூக்கிக்கொண்டு போவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் பயம் பெட்டியைப் பற்றியதா உங்களைப் பற்றியதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அவளிடம் போய் "கலசத்தை எங்கே வைக்கலாம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "உன் கண்ணில் படாமல் வைத்தால் உனக்குப் பரவாயில்லையா?" என்று கேளுங்கள். ஹாலில், அவள் தினமும் கடந்து போகும் இடத்தில் வேண்டாம். உங்கள் அறையில், கதவுள்ள அலமாரியில் இருக்கட்டும். கலசத்தைத் தேர்ந்தெடுக்க அவள் வர விரும்பினால் அழைத்துப் போங்கள், வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். அவளுக்கென்று ஒரு பங்கை மட்டும் ஒதுக்கி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இருபத்தைந்து வயதில் அவள் அதைக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். இன்றைக்கு அவள் வேண்டாம் என்று சொல்வதை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

உங்களைப் பற்றி

இரவில் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இறந்தவரை "விட்டுவிட்டால்தான்" துக்கம் ஆறும் என்று ஒரு காலத்தில் மனநலத் துறையிலேயே பலர் நம்பினார்கள். 1990களில் டென்னிஸ் கிளாஸ் போன்ற ஆய்வாளர்கள் அதை மறுத்து, போனவரோடு ஒரு பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்று எடுத்துக்காட்டினார்கள். கலசம் வைத்துக்கொள்வது, அதோடு பேசுவது எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் பைத்தியம் ஆகவில்லை.

ஆனால் நீங்கள் "கலசம் வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்" என்கிறீர்களே, அது நடக்காது. பார்சல் வந்த நாளில் துக்கம் இன்னும் கூடத்தான் வாய்ப்பு அதிகம், பல வாரம் தேடியது கைக்கு வந்துவிட்டது, இனித் தேட ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் யாராவது உங்களோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கலசம் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லையா? வேலைக்குப் போக முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மகளின் பள்ளி விஷயம் தெரிகிறதா? அவர் இல்லை என்பதை நம்பவே முடியாமல் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் தவிப்பது மாதக்கணக்கில் நீடித்து, அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 வரையறை பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. நாள்கணக்கை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை, கடிதத்தை வைத்து நானும் கட்ட மாட்டேன். மேலே கேட்டவற்றில் இரண்டுக்காவது "முடியவில்லை" என்பது பதிலானால் ஒரு ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள், அதற்குத் தனி சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் கலசம், ஆர்டர் எல்லாம் அப்புறம். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்கும் நாள் வரும்போது தனியாகத் திறக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மேசையில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கும். பல இடங்களில் எண் பொறித்த சின்ன உலோக வில்லையும் போட்டிருப்பார்கள், திடுக்கிட வேண்டாம், ஆள் மாறிவிடாமல் இருக்க வைப்பது அது. தூக்கிப் போடாமல் மிச்ச அஸ்தியோடு வையுங்கள். அகலமான கரண்டியால் மெதுவாக எடுத்துச் சின்னப் பையில் போடுங்கள், மேலே நின்று கொட்டினால் தூசி எழும்பும். கை நடுங்கினால் கூட இருப்பவர் செய்யட்டும், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும்: கலைஞருக்கு எழுதி, கலசம் மட்டும் செய்யட்டும், பூச்சில் கலப்பதை நிறுத்தி வைக்கட்டும் என்று சொல்லுங்கள். ராக்குவா ஸ்டோன்வேரா என்பதை மண்ணைப் பிசைவதற்கு முன் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். மாமியாருக்குப் போன் செய்யுங்கள். அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று அவரே சொல்லட்டும், அநேகமாகப் பாதி கேட்க மாட்டார்.